2015 பால்டர்கைஸ்ட் ஏன் பயமுறுத்தவில்லை?

தர்மபுரியில் நண்பர்களோடு பால்டர்கைஸ்ட் என்ற ஹாலிவுட் பேய்ப்படத்தின் 2015 ரீமேக்கைப் பார்த்தீர்கள், பயமே வரவில்லை, 1982 மூலப்படத்தை மட்டும் ஏன் கொண்டாடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பழையதில் பேய் ரொம்ப நேரம் கண்ணுக்கே தெரியாது. அம்மா சமையலறை நாற்காலிகளைச் சரியாகத் தள்ளி வைக்கிறார். கேமரா அவர் கூடவே போய்த் திரும்புகிறது. அதற்குள் எல்லா நாற்காலியும் மேசை மேல் அடுக்கியிருக்கிறது. நடுவில் காட்சியை வெட்டி ஒட்டவே இல்லை. முன்பே அடுக்கித் தயாராக வைத்திருந்த நாற்காலிகளை, கேமரா திரும்பியிருந்த சில நொடிகளில் படக்குழுவே மேசை மேல் வைத்தது. கணினி வித்தை இல்லை என்பதால்தான் நம் வீட்டிலும் நடக்குமோ என்று தோன்றுகிறது.

அப்புறம் டிவி. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் இரவு ஒளிபரப்பு முடிந்ததும் திரையில் வெள்ளைப் புள்ளிகள் இரையும். அந்த வீட்டுச் சின்னப் பெண் அதோடுதான் பேசுகிறாள். மாடியில் ஆன்டெனா திருப்பிய தர்மபுரிக்காரர்களுக்கு அந்த இரைச்சல் நன்றாகத் தெரியும். இன்றைய தட்டை டிவியில் அதற்கு இடமில்லை.

ரீமேக்கின் பெரிய தவறு, பேய்கள் அந்தக் குழந்தையை இழுத்துப்போன மறுஉலகத்துக்குள் ட்ரோனை அனுப்பி எல்லாவற்றையும் காட்டியது. மூலப்படத்தில் குழந்தையை மீட்க அம்மா கயிறு கட்டி உள்ளே போவார், நாம் வெளியிலேயே நிற்போம். பயமே அங்கேதான். ஆனால் அந்த வீட்டின் பயந்த சுபாவமுள்ள பையனுக்குப் புதியதில் கூடுதல் வேலை கொடுத்தது எனக்குப் பிடித்தது.

மூலப்படத்தையும் பாருங்கள். கூட்டமாக வேண்டாம், இரவில், ஹெட்போனோடு. பைபாஸ் லாரிச் சத்தத்தில் மெல்லிய ஒலிகள் போய்விடும்.