பக்கத்து வீட்டுப் பாத்திரத்தில் என்ன வைத்துக் கொடுப்பது?

கேள்வி: கும்பகோணத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். கணவருக்கு மாற்றலாகி நான்கு மாதமாகத் தக்கலையில் இருக்கிறோம். எங்கே சாப்பிட்டாலும் தேங்காய் எண்ணெய் வாசனை, எனக்கு ஒத்துவரவில்லை. பக்கத்து வீட்டு அக்கா மரச்சீனிக்கிழங்கு (நம்ம மரவள்ளி) அவித்துக் கொடுத்தார்கள். அதை எதோடு சாப்பிடுவது என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. பாத்திரத்தைக்கூட இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. ஆறு வயது மகன் எல்லாரையும் ‘மக்கா’ என்று கூப்பிடுகிறான், மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. இந்த ஊரை எங்கிருந்து பழகுவது?
– ஒரு வாசகி, தக்கலை

பதில்: அன்புத் தங்கைக்கு,

அந்தப் பாத்திரத்திலிருந்து தொடங்குங்கள். காலியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்ற வழக்கம் உங்கள் ஊரிலும் உண்டு, அந்த ஊரிலும் உண்டு. நாளைக் காலையில் கும்பகோணம் கடப்பா செய்து, சூடான இட்லியோடு கொண்டுபோய்க் கொடுங்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்ட அந்தக் கடப்பாவைத் தக்கலைப் பக்கம் அவ்வளவாகச் செய்ய மாட்டார்கள். “இது எங்க ஊர்ல செய்யறது அக்கா. நீங்க கொடுத்த கிழங்கை எதோட சாப்பிடணும்னு சொல்லித் தாங்க” என்று கேட்டுவிடுங்கள். நான்கு மாதம் தாமதமாகிவிட்டதே என்று தயங்காதீர்கள். கேட்டால் யாரும் சிரிக்க மாட்டார்கள். கேட்காமல் விலகி இருந்தால்தான் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

அந்தக் கிழங்கைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 1880-களில், தக்கலையும் சேர்ந்திருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா மரச்சீனிப் பயிரை ஊக்கப்படுத்தினார். இரண்டாம் உலகப் போரின்போது, 1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அங்கிருந்து அரிசி வருவது நின்ற காலத்தில் அந்த மக்களின் வயிற்றை நிறைத்தது இதுதான். அதனால் ஒரு காலத்தில் ஊரின் பசியாற்றிய பொருளையே அந்த அக்கா உங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். சாளையோ நெத்தோலியோ போட்ட மீன் கறியோடு சாப்பிட்டுப் பாருங்கள். மீன் இல்லாத நாளில் காந்தாரி மிளகாயையும் சின்ன வெங்காயத்தையும் உப்போடு நசுக்கி, தேங்காய் எண்ணெய் விட்டுத் தொட்டுக்கொள்ளலாம். நீங்களே சமைக்கும்போது ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: தோலை நன்றாக உரித்து, கிழங்கை மூடாமல் முழுசாக வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுங்கள். பச்சைக் கிழங்கில் சயனைடு நஞ்சாகக்கூடிய பொருள் இருக்கிறது.

தேங்காய் எண்ணெய் விஷயத்துக்கு வருகிறேன். ஒரே நாளில் எல்லாச் சமையலையும் அதற்கு மாற்ற வேண்டாம். நானும் வெளியூரிலிருந்து வந்து தோவாளைப் பக்கம் இரண்டு வருடம் வாடகைக்கு இருந்தவள்தான். எனக்கு அந்த வாசனை பழகியது அவியலில். அடுப்பை அணைத்த பிறகு கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டு, பச்சை எண்ணெயை ஒரு சுற்று விட்டு மூடிவைப்பார்கள். எண்ணெய் காயாததால் வாசனை மென்மையாக இருக்கும். அவியலின் புளிப்புக்குத் தயிரா, மாங்காயா, புளியா என்பது வீட்டுக்கு வீடு மாறும். அக்காவிடம் அடுத்த கேள்வியாக இதைக் கேளுங்கள், அரை மணி நேரம் பேசுவார்கள்!

அப்புறம் உள்ளித் தீயல், அதாவது சின்ன வெங்காயக் குழம்பு. தேங்காயையும் மல்லியையும் மிளகாய் வற்றலையும் வறுத்து அரைத்து, புளிக்கரைசலில் கொதிக்கவிடுவது. உங்கள் அரைத்துவிட்ட சாம்பாருக்கு இது நெருங்கிய சொந்தம். பருப்பு கிடையாது, தேங்காய் நன்றாகக் கருஞ்சிவப்பாகும் வரை வறுபட வேண்டும். வித்தியாசம் முக்கியமாக அவ்வளவுதான். மாமியாருக்கும் இது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

மகன் பேச்சை மட்டும் தயவுசெய்து திருத்தாதீர்கள். ‘மக்கா’ என்பது அங்கே மரியாதைக் குறைவு இல்லை. பெற்ற பிள்ளையையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், கூட்டாளியையும் அப்படித்தான். பலாப்பழத்தைச் சக்கை என்றும் மிளகை நல்லமிளகு என்றும் அவன் சொல்ல ஆரம்பித்தால் நீங்களும் கூடவே கற்றுக்கொள்ளுங்கள், சந்தையில் உதவும். 1956 நவம்பர் 1 வரை அந்தக் கன்னியாகுமரி மாவட்டப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்தது. பேச்சிலும் சமையலிலும் மலையாளச் சாயல் தெரிவதை மாமியாருக்கு இப்படி விளக்கினால் புரிந்துகொள்வார்கள்.

ஊர் பார்க்க வேண்டும் என்றால் கன்னியாகுமரி கடற்கரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம் அங்கேதான். தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரள அரசின் பராமரிப்பில் உள்ளது, திங்கட்கிழமை விடுமுறை. சிவராத்திரி சமயத்தில் காவி உடுத்தி, கையில் விசிறியோடு ‘கோபாலா, கோவிந்தா’ என்று சொல்லிக்கொண்டு ஓடுகிறவர்களைச் சாலையில் பார்ப்பீர்கள். அதுதான் சிவாலய ஓட்டம். பன்னிரண்டு சிவன் கோவில்களுக்குக் கால்நடையாகவே போகிறார்கள். சிவன் கோவிலுக்கு விஷ்ணு பெயரைச் சொல்லி ஓடுவதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. முடிந்தால் வாசலில் ஒரு பானை மோர் வையுங்கள்.

உங்களுக்காகவே சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அரண்மனை வளாகத்தில் தேவாரக்கட்டு சரஸ்வதி இருக்கிறாள். கம்பர் வழிபட்டு, பின்பு சேர மன்னரிடம் ஒப்படைத்த விக்கிரகம் என்று அங்கே சொல்வார்கள். கம்பர் பிறந்த தேரழுந்தூர் உங்கள் பக்கத்து ஊர்தானே! ஒவ்வொரு நவராத்திரிக்கும் இந்தச் சரஸ்வதி யானை மேல் ஏறித் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுகிறாள். வேளிமலை முருகனும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் கூடப் போகிறார்கள். நவராத்திரி தொடங்குவதற்குச் சில நாள் முன்பே புறப்பாடு இருக்கும், அதனால் கொலுப்படி கட்டும் வேலையைக் கொஞ்சம் முன்னதாக முடித்துவிடுங்கள். மாமியாரையும் மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். எந்தக் காலையில், எங்கே நின்றால் நன்றாகப் பார்க்கலாம் என்பது அந்த அக்காவுக்குத் தெரிந்திருக்கும்.