ஹூண்டாய் ஐ20 ஆஸ்டாவா, 'என் லைனா' (N Line)? மதுரை ரோட்டில், பெரியவர்களைப் பின்சீட்டில் வைத்து எது ஓட்டலாம்?

ஊருக்குள்தான் பெரும்பாலும் ஓட்டம், மாதம் ஒரு தடவை தேனிப் பக்கம் போகணும், அறுபத்தைந்து தாண்டிய அப்பா அம்மா பின்சீட்டில் வருவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஹூண்டாய் ஐ20 காரில் சாதாரண வண்டியின் மேல் வேரியன்ட்டான ஆஸ்டா எடுப்பதா, மனசு இழுக்கிற ஸ்போர்ட்டியான 'என் லைன்' எடுப்பதா, அதன் சஸ்பென்ஷன், அதாவது ரோட்டின் அடியைத் தாங்கும் ஸ்பிரிங்கும் ஷாக்கும், பெரியவர்களுக்கு ஒத்துவருமா என்பது கேள்வி.

எங்கள் குடும்பத்தில் இரண்டும் ஓடுகிறது. 2022-இல் நான் எடுத்தது 'என் லைன்' என்8 வேரியன்ட். தங்கச்சி மாப்பிள்ளையிடம் இருப்பது ஆஸ்டா. எங்கள் அம்மாவுக்கு இடுப்பில் டிஸ்க் தேய்மானம் உண்டு. அதனால் ஓட்டுகிறவனாக மட்டும் இல்லாமல், இரண்டு வண்டியிலும் அம்மா பக்கத்தில் பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்த அனுபவமும் இருக்கிறது.

முதலில் ஒரு விஷயம். ஹூண்டாயின் அசல் 'என்' (N) வண்டி வேறு. வெளிநாடுகளில் விற்ற 'ஐ20 என்' 1.6 லிட்டர் டர்போ, 204 பிஎஸ் சக்தி. அது இங்கே வரவே இல்லை. நமக்கு 2021 செப்டம்பரில் வந்த என் லைன், சாதாரண ஐ20-க்கும் அதற்கும் நடுவில் நிற்கிற வண்டி. 1.0 லிட்டர் டர்போ, 120 பிஎஸ், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். சஸ்பென்ஷனைச் சுமார் 30 சதவீதம் இறுக்கியிருப்பதாக நிறுவனமே அப்போது சொன்னது. அமைப்பு மாறவில்லை. முன்னால் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட், பின்னால் இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் டார்ஷன் பீம், இரண்டு வண்டிக்கும் அதேதான்.

டயரும் ஒரே அளவு என்பதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. ஆஸ்டாவுக்கும் என் லைனுக்கும் 195/55 ஆர்16. டயரின் அகலம் 195 மில்லிமீட்டர், அதில் 55 சதவீதம் என்றால் பக்கச்சுவர் உயரம் 107 மில்லிமீட்டர்; கடைசி 16 வீலின் இன்ச் அளவு. அதனால் இந்த இரண்டுக்கும் நடுவில் உடம்பு உணர்கிற வித்தியாசம் பெரும்பாலும் ஸ்பிரிங்காலும் ஷாக் அப்சார்பராலும்தான். ஸ்போர்ட்ஸ் (Sportz) என்ற கீழ் வேரியன்ட்டுக்கு 185/65 ஆர்15, பக்கச்சுவர் 120 மில்லிமீட்டர். பள்ளத்தின் முதல் அடியை வாங்குவது டயர்தானே. பெரியவர்கள் சௌகரியம் மட்டுமே கணக்கு என்றால் ஆஸ்டாவைவிட ஸ்போர்ட்ஸ் இன்னும் மெத்தென்று போகும். அலாய் வீல் அழகுக்காக நாம் மேலே ஏறும்போது, கூடவே 13 மில்லிமீட்டர் ரப்பரை விட்டுக்கொடுக்கிறோம்.

இனி ஊருக்குள். சிம்மக்கல்லில் இருந்து கீழமாசி வீதிக்குள் போய்த் திரும்பி வாருங்கள். இருபது, முப்பது வேகம்தான். ரோட்டை வெட்டி மூடிய ஒட்டு, எழும்பி நிற்கும் சாக்கடை மூடி, தெருக்காரர்களே போட்ட வேகத்தடை என்று வரிசையாக வரும். ஆஸ்டா ஒவ்வொன்றிலும் மெல்ல அமுங்கி எழும்பும். என் லைனில் அந்த மேடுபள்ளம் அப்படியே சீட் வரைக்கும் வரும். வலிக்கிற அளவுக்கு இல்லை, ஆனால் ஒன்றுவிடாமல் தெரியும். வேகம் குறைவாக இருக்கும்போது இறுகிய ஸ்பிரிங்குக்கு அமுங்கவே மனசு வராது. சக்கரம் ஏறினால் வண்டியும் சேர்ந்து ஏறும்.

அதுவும் பின்சீட்டில் கூடுதல். முன்சீட் இரண்டு அச்சுக்கும் இடையில் இருக்கிறது. பின்சீட் கிட்டத்தட்ட பின் சக்கரத்துக்கு மேலேயே இருக்கிறது. டார்ஷன் பீம் இரண்டு பின் சக்கரங்களையும் ஒரே குறுக்குக் கட்டையால் இணைப்பதால் ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் மறுபக்கத்துக்கும் அது போகும். எடுத்த புதிதில் அம்மா, "என்னப்பா, தூக்கித் தூக்கிப் போடுது?" என்று கேட்டபோது எனக்கு விளங்கவில்லை. ஸ்டீயரிங் பிடித்திருந்த எனக்கு அது தெரியவே இல்லை. பிறகு மாப்பிள்ளையை ஓட்டச் சொல்லிப் பின்னால் உட்கார்ந்தபோதுதான் அம்மா சொன்னது புரிந்தது.

அன்றைக்கே டயர் காற்றையும் பார்த்தேன். நான்கிலும் 40 பிஎஸ்ஐ. வழக்கமாக நான் போகும் பங்கில் "ஹைவே போறீங்கல்ல சார்" என்று ஏற்றிவிட்டிருக்கிறார்கள். கதவை ஒட்டிய தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் உள்ள அளவுக்கு இறக்கியதும் பாதிக் குலுக்கல் போய்விட்டது. 'என் லைன் ரொம்ப ஹார்டு' என்று திட்டுகிறவர்களில் பலர் காற்றைப் பார்க்காமல் திட்டுகிறார்கள் என்பது என் திடமான எண்ணம். காலையில், வண்டி ஓட்டும் முன், டயர் சூடில்லாமல் இருக்கும்போது பாருங்கள்.

ஊரை விட்டு வெளியே வந்தால் கதை மாறும். நத்தம் ரோடு பறக்கும் பாலம் 7.3 கிலோமீட்டர், இந்த ஒப்பீட்டுக்கு அதைவிட நல்ல இடம் மதுரையில் இல்லை. பாலத்தின் இணைப்புகள் ஒரே சீரான இடைவெளியில் வரும். ஒரு மாலை இரண்டு வண்டியையும் அடுத்தடுத்து அதே வேகத்தில் ஓட்டினோம். இணைப்பைத் தாண்டும் 'டக்' சத்தம் என் லைனில் கூர்மையாகக் கேட்டது, ஆனால் அந்த ஒரு 'டக்'கோடு முடிந்தது. ஆஸ்டாவில் அடி மிருதுவாக இருந்தது, பின்னால் சின்னதாக ஓர் ஆட்டம் மிச்சம் இருந்தது. ஸ்பிரிங்கின் வேலை அமுங்குவது, ஷாக்கின் வேலை அந்த ஆட்டத்தை நிறுத்துவது. ஷாக்கை இறுக்கினால் அடி கூடும், ஆட்டம் குறையும். இரண்டையும் ஒருசேரக் கேட்டால், ஓடும்போதே இறுக்கத்தை மாற்றிக்கொள்ளும் ஷாக் வேண்டும். பிஎம்டபிள்யூ எம்340ஐ மாதிரி வண்டிகளில் ஒரு பொத்தானில் அது கிடைக்கிறது. நம் விலையில் கிடையாது. நாம் வாங்குகிற அன்றைக்குத் தேர்ந்தெடுத்ததுதான், வண்டி இருக்கும்வரை அதுவேதான்.

தேனி ரோட்டில் செக்கானூரணி தாண்டி, உசிலம்பட்டி வழியாக ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்வரை என் லைன்தான் சுகம், இதை யாரிடமும் அடித்துச் சொல்வேன். எழுபது, எண்பதில் போகும்போது ரோட்டில் அலை அலையாக வரும் இடங்களில் வண்டி ஒரு தடவை எழும்பி ஒரே தடவையில் உட்காரும். பஸ்ஸை முந்தித் திரும்பி வரும்போது உடம்பு ஒரு பக்கம் சாயாது. அம்மா கணவாய் வரும்போது தூங்கியிருப்பார். சிறுமலையின் கொண்டை ஊசி வளைவுகளில் தங்கச்சி மகள் ஆஸ்டாவில் மூன்று தடவை வாந்தி எடுத்திருக்கிறாள். என் லைனில் இரண்டு தடவை அழைத்துப் போனேன், இரண்டு முறையும் ஜன்னல் ஓரம் வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தாள். இரண்டு தடவையை வைத்து சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் வண்டி சாயாமல் இருப்பது பின்னால் இருப்பவர் வயிற்றுக்கு நல்லது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆள் கணக்கும் பாருங்கள். நான் தனியாக ஓட்டும்போது என் லைன் ரொம்ப விறைப்பு. நான்கு பேரும் பையும் ஏறினால் ஸ்பிரிங் கொஞ்சம் அமுங்கி நிதானமாகிவிடும். அதே சுமைக்கு ஆஸ்டாவின் பின்பக்கம் தாழ்ந்து, பெரிய வேகத்தடையில் 'டங்'கென்று இறங்கும்.

டெஸ்ட் டிரைவுக்குப் போனால் ரிங் ரோட்டில் மட்டும் ஓட்டிவிட்டு வராதீர்கள். அந்த வழவழப்பான ரோட்டில் எல்லா வண்டியும் ஒன்றுதான். கிளம்பும் முன் டயர் காற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்பா அம்மாவைக் கூட்டிப் போய்ப் பின்னால் உட்கார வையுங்கள், பாதி வழியில் நீங்களும் பின்னால் போய் உட்காருங்கள். உங்கள் தெரு வழியாகவே போகச் சொல்லுங்கள். தினமும் அந்த வேகத்தடையைத் தாண்டப் போகிறவர்கள் நீங்கள்தான்.

ஆஸ்டா எடுத்துவிட்டு வெளியில் ஸ்பிரிங் மாற்றி வண்டி உயரத்தை இறக்கிக்கொள்ளலாம், 17 இன்ச் வீல் போட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணம் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஸ்பிரிங்குக்கு ஏற்ற ஷாக் என்று கணக்குப் போட்டு இணைத்தது அது. ஒன்றை மட்டும் மாற்றினால் அடியும் கூடும், ஆட்டமும் கூடும். வாரண்டியிலும் சிக்கல் வரும்.

நீங்கள் சொன்ன ஓட்டத்துக்கு, அதாவது பெரும்பாலும் ஊருக்குள், பின்னால் பெரியவர்கள் என்றால், என் ஓட்டு ஆஸ்டாவுக்கு. வாரம் இரண்டு தடவை தேனி என்று சொல்லியிருந்தால் என் லைன் என்றிருப்பேன். எங்கள் வீட்டில் அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போகிற நாளில் மாப்பிள்ளையிடம் சாவியை மாற்றிக்கொள்கிறேன். தேனிக்கு என்றால் அம்மா என் வண்டியில்தான் ஏறுகிறார், அதுவும் முன்சீட்டில்.