ரத்தப் பரிசோதனை இயல்பு, ஸ்கேனில் கட்டி: பயாப்ஸி வேண்டாமா?

கேள்வி: எனக்கு வயது 46. ஹெபடைடிஸ் பி தொற்று இருப்பது பல ஆண்டுகளாகத் தெரியும். தந்தை கல்லீரல் புற்றுநோயால் இறந்தார். எனக்கு மதுப் பழக்கம் இல்லை. கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனையும் ஏ.எஃப்.பி. (கல்லீரல் புற்றுநோயில் கூடக்கூடிய ஒரு ரத்தப் புரதம்) அளவும் இயல்பாகவே உள்ளன. ஆனால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் 1.8 செ.மீ. கட்டி ஒன்று தெரிகிறது. பயாப்ஸி (ஊசியால் திசு எடுத்துச் சோதிப்பது) செய்யாமல் சி.டி. ஸ்கேனிலேயே முடிவு செய்துவிடலாம் என்கிறார் மருத்துவர். இது சரியா?

பதில்: சரிதான். ஆனால் எடுக்கப்போவது எந்த வகை சி.டி. என்பது முக்கியம்.

முதலில் அந்த ரத்தப் பரிசோதனை அறிக்கைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கல்லீரலின் பெரும்பகுதி நலமாக இருக்கும்வரை, உள்ளே ஒரு சிறு கட்டி வளர்ந்தாலும் செயல்பாட்டுப் பரிசோதனை இயல்பாகவே வரும். ஏ.எஃப்.பி.யும் ஆரம்பக் கட்டத்தில் பலருக்கு உயர்வதில்லை. அது கூடினால் சந்தேகப்பட வேண்டும், கூடவில்லை என்பதற்காக நிம்மதியடைய முடியாது. ஹெபடைடிஸ் பி வைரஸ் தன் மரபுப்பொருளைக் கல்லீரல் செல்லின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே செருகிவிடக்கூடியது என்பதால், சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகும் நிலை) இல்லாதவர்களுக்கும் புற்றுநோய் வரலாம். தைவான் 1984-இல் ஹெபடைடிஸ் பி தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கிய பின் அங்கு சிறுவர்களிடம் கல்லீரல் புற்றுநோய் குறைந்ததை 1997-இல் வெளியான ஆய்வு காட்டியது. இந்த வைரஸின் பங்கை நிறுவ வேறு சான்றே வேண்டாம் என்பேன்.

இனி சி.டி.யைப் பற்றிப் பார்ப்போம். கல்லீரலுக்குச் செல்லும் ரத்தத்தில் சுமார் முக்கால் பங்கு குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாகவும், மீதி தமனி வழியாகவும் வருகிறது. கல்லீரல் செல்களில் தோன்றும் புற்றுக்கட்டியோ பெரும்பாலும் தமனி ரத்தத்தையே உறிஞ்சுகிறது. ஆகவே கையில் சாய மருந்தைச் செலுத்தி அரை நிமிடத்தை ஒட்டி எடுக்கும் படத்தில், சுற்றியுள்ள கல்லீரல் இன்னும் மங்கலாக இருக்கும்போது கட்டி மட்டும் வெள்ளையாகப் பளிச்சிடும். சில நிமிடங்கள் கழித்து எடுக்கும் படத்தில் கல்லீரல் வெளுத்திருக்க, கட்டி கறுத்துக் கிடக்கும். சிரோசிஸ் அல்லது நாட்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ளவரிடம் இந்த இரண்டும் தெளிவாகத் தெரிந்தால் பயாப்ஸி இன்றியே புற்றுநோய் என உறுதி செய்யலாம். ஹெமாஞ்சியோமா எனும் தீங்கற்ற ரத்தநாளக் கட்டியாக இருந்தால், சாயம் ஓரங்களிலிருந்து மெல்ல உள்ளே நிரம்பி அங்கேயே தங்கும். சாயமின்றி எடுக்கும் சி.டி. இதற்குப் பயன்படாது, பல கட்டப் படங்கள் தேவை என்று பரிந்துரைச் சீட்டில் எழுதியிருக்கிறதா எனக் கேட்டுக்கொள்ளுங்கள். படம் தெளிவாக இல்லாவிட்டால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். அதிலும் ஐயம் தீராவிட்டால் பயாப்ஸிக்குப் போகலாம். அதில் ரத்தக்கசிவும், அரிதாக ஊசித்தடத்தில் புற்றுச் செல்கள் பரவும் ஆபத்தும் உண்டு.

ஒருவேளை புற்றுநோயாகவே இருந்தாலும், இந்த அளவில், கட்டி ஒன்றே ஒன்றாக இருந்தால், முழுக் குணத்தை நோக்கியே சிகிச்சை அளிக்கப்படும். அறுவை சிகிச்சையில் அகற்றலாம், அல்லது ஊசி வழியே வெப்பம் செலுத்திக் கருக்கலாம். சிரோசிஸ் முற்றியிருந்தால் மாற்றுக் கல்லீரல் பேசப்படும். 1996-இல் வகுக்கப்பட்ட மிலான் வரையறை 5 செ.மீ. வரையிலான ஒற்றைக் கட்டிக்கு அதை அனுமதிக்கிறது. நீங்கள் அஞ்சக்கூடிய மருந்துச் சிகிச்சைகள் பெரும்பாலும் நோய் பரவிய நிலைக்கு உரியவை.

புற்றுநோய் இல்லை என்று தெரிந்தாலும் 6 மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் தொடர வேண்டும். வைரஸ் எதிர்ப்பு மருந்து தேவையா என்பதையும் கேளுங்கள். அது ஆபத்தைக் குறைக்கும், முற்றிலும் நீக்காது. உங்கள் உடன்பிறந்தவர்கள், மனைவி அல்லது கணவர், பிள்ளைகள் அனைவரும் ஹெபடைடிஸ் பி பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். தொற்றும் எதிர்ப்புச் சக்தியும் இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போட்டுவிடுங்கள்.