இன்சுலினோடு விமானம் ஏறுபவர்களுக்கு: திருகோணமலையிலிருந்து சில கேள்விகள்

மருந்தாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எனக்கும் சீனி வருத்தம். இன்சுலினோடு இரண்டு தரம் ரொறன்ரோவில் மகளிடம் போய் வந்துவிட்டேன். அந்தத் தைரியத்தில்தான் பதில் சொல்கிறேன். ஊசியின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டொக்டரின் வேலை, அதில் நான் கை வைக்க மாட்டேன்.

உப்புவெளியிலிருந்து ஓர் அம்மா: இன்சுலினைப் பெரிய பெட்டியில் போட்டுவிட்டால் என்ன? கீழே குளிராகத்தானே இருக்கும்?

அந்தக் குளிரை நம்ப முடியாது அம்மா. பெட்டிகள் கிடக்கும் இடத்தில் இன்சுலின் உறைந்து போகலாம். உறைந்து உருகிய இன்சுலின் பார்வைக்குப் பழையபடியே இருந்தாலும் அதை நம்பி ஊசி போட முடியாது. பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் அது இன்னொரு தலையிடி. இன்சுலின், ஊசி, சீனி பார்க்கும் மீற்றர், ஸ்ட்ரிப் எல்லாம் கைப்பையில்தான். பயண நாட்களுக்குத் தேவையானதைப்போல் இரண்டு மடங்கு எடுங்கள்.

கைப்பைக்குள்ளும் மருந்தைத் தனியாக ஒரு சின்னப் பையில் வையுங்கள். என் முதல் பயணத்தில், மேலே இடமில்லை என்று வாசலில் வைத்தே கைப்பையை வாங்கி, சீட்டுக் கட்டிக் கீழே அனுப்பப் பார்த்தார்கள். மருந்துப் பையை இழுத்தெடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பையைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்ல ஆங்கிலம் தேவைப்படவில்லை.

தம்பலகாமத்திலிருந்து ஒரு தம்பி: அப்பாவை வான் வண்டியில் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குக் கூட்டிப்போகிறேன். ஐஸ் பெட்டி வேணுமா?

விமானத்தைவிட எனக்குப் பயம் உங்கள் வானில்தான் தம்பி. கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று ஏறக்குறைய 250 கிலோமீற்றர். பகலில் போனால், கண்ணாடிக்குக் கீழே டாஷ்போர்டில் வைத்த மருந்து அவிந்துவிடும். தேத்தண்ணிக் கடையில் இறங்கும்போது பையையும் கொண்டு இறங்குங்கள். பூட்டிய வான் அடுப்பு மாதிரி.

பாவனையில் உள்ள போத்தல் 30 பாகை செல்சியஸுக்குக் கீழே பொதுவாக நான்கு கிழமை தாங்கும். வகைக்கு வகை மாறும், பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பாருங்கள். திறக்காதவை 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும். அவற்றைத் துவாயில் சுற்றி, ஐஸ் பைக்கற்றோடு நேரே முட்டாமல் வையுங்கள். தண்ணீரில் ஊறவைக்கும் குளிர்ப்பை இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் ஈரம் ஆவியாகிப் போவதால்தான் அது குளிரும், பொலித்தீன் பையில் போட்டுக் கட்டிவிடாதீர்கள். விமானத்தில் ஏறியபிறகு பணிப்பெண்ணிடம் கொடுத்து பிரிட்ஜில் வைக்கச் சொல்ல வேண்டாம். உறையவும் கூடும், இறங்கும் அவசரத்தில் மறக்கவும் கூடும்.

நகரிலிருந்து ஒரு தங்கச்சி: சோதனையில் ஊசியைப் பிடுங்க மாட்டார்களா?

மருந்தோடு சேர்ந்த ஊசி என்று தெரிந்தால் பிடுங்குவதில்லை. கைப்பையில் திரவங்களுக்கு உள்ள 100 மில்லிலீற்றர் கட்டுப்பாட்டிலும் தேவையான மருந்துக்கு விலக்கு உண்டு. கேட்க முன்னரே எடுத்துக் காட்டுங்கள். இன்சுலின் எக்ஸ்ரே பட்டியில் போகலாம். உடம்பில் சீனி பார்க்கும் சென்சரோ இன்சுலின் பம்போ பூட்டியிருந்தால் மட்டும் கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள், சிலவற்றை எக்ஸ்ரேக்குள் அனுப்பக்கூடாது.

கிளினிக் கொப்பியை மட்டும் நம்பிப் போகாதீர்கள். கிறுக்கிய கையெழுத்தை எயார்போட்டில் யார் வாசிப்பார்? ஆங்கிலத்தில் ரைப் செய்த கடிதம் எடுங்கள். வருத்தம் என்ன, எந்த இன்சுலின், ஊசியும் குளுக்கோசும் கையிலேயே இருக்கவேண்டும் என்ற வரி, டொக்டரின் முத்திரை, இவ்வளவும் போதும். நம்மவர்களுக்கு ஒரு சிக்கல்: கொப்பியில் தலைப்பெழுத்தோடு ஒரு பெயர், பாஸ்போட்டில் தகப்பன் பெயரோடு நீட்டாக இன்னொரு பெயர். கடிதத்தில் பாஸ்போட் பெயரையே போடச் சொல்லுங்கள்.

மூதூரிலிருந்து ஓர் ஐயா: சென்னைக்கு ஒரு மணித்தியாலம்தானே, அங்கேயே வாங்கிவிடலாமா?

வாங்கலாம் ஐயா, ஆனால் போத்தலில் எழுதியிருக்கும் இலக்கத்தைப் பார்க்காமல் தொடாதீர்கள். இந்தியாவில் ஒரு மில்லிலீற்றரில் 40 அலகு உள்ள போத்தல்கள் பரவலாக விற்பனையில் உள்ளன. உங்கள் கையில் இருப்பது 100 அலகு போத்தல் என்றால், 40க்கான சிவப்பு மூடிச் சிரிஞ்சில் அதை 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 அலகு. அப்படிப் போட்டுவிட்டுப் படுத்தால் எழும்புவது சந்தேகம். மாறி, 40 போத்தலை 100க்கான சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் 8 அலகுதான் போகும். போத்தலும் சிரிஞ்சும் ஒரே இலக்கமாக இருக்கவேண்டும். வீட்டிலிருந்தே இரண்டையும் கொண்டுபோனால் இந்தக் கணக்கே வேண்டாம்.

ஓர் அக்கா: கனடா நேரத்துக்கு ஊசியை எப்படி மாற்றுவது?

கோடையில் ஒன்பதரை மணித்தியாலம், குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலம் அவர்கள் நமக்குப் பின்னால். மேற்கே போகும்போது நாள் நீளும், இடையில் கூடுதல் ஊசி தேவைப்படலாம். கிழக்கே அவுஸ்திரேலியா போனால் நாள் சுருங்கும், அளவு குறையலாம். எவ்வளவு என்பதை இரண்டு கிழமைக்கு முன்னமே, டிக்கெட்டையும் கொண்டுபோய் டொக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

நான் செய்வது இது: மணிக்கூட்டை இறங்கும்வரை மாற்றுவதில்லை. நாலைந்து மணித்தியாலத்துக்கு ஒருமுறை விரலில் குத்திப் பார்ப்பேன். சாப்பாட்டு வண்டி தூரத்தில் தெரிகிறது என்பதற்காக ஊசி போடுவதில்லை. விமானம் குலுங்கினால் வண்டி திரும்பிப் போய்விடும். தட்டு மடியில் வந்தபிறகுதான். இன்சுலின் பேனா பாவிப்பவர்கள் ஒவ்வொரு முறையும் ஊசியைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் காற்று புகும்.

கிண்ணியாவிலிருந்து ஒரு நானா: உம்ராவுக்குப் போகிறேன்.

இஹ்ராம் உடுப்பில் பொக்கெட் இல்லை நானா, இடுப்புப் பட்டியில் குளுக்கோஸ் இருக்கட்டும். கஃபாவைச் சுற்றும் தவாபும், ஸஃபா மர்வாவுக்கிடையே நடக்கும் சஃயும் நீண்ட நடை, சீனி இறங்கும். தொடங்க முன் பாருங்கள். கை நடுங்கி வியர்த்தாலோ மீற்றர் 70க்குக் (mg/dL) கீழே காட்டினாலோ நில்லுங்கள். 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் இருப்பு, திரும்பப் பார்ப்பது. கால் விறைப்பு உள்ளவர் வெயில் தரையில் வெறுங்காலோடு நடக்கவேண்டாம், சுட்டாலும் தெரியாது.

மகளின் மீற்றர் 6.5 என்று காட்டுகிறதே?

பயப்படாதீர்கள், அது வேறு அலகு: கனடாவில் mmol/L, நமக்கு mg/dL. 18ஆல் பெருக்குங்கள்: 117.

சீனி இறங்கினால் சாப்பிட பனங்கட்டி கொண்டு போகலாமா?

மயக்கம் வரும் நேரத்தில் அதை யார் கடித்துக்கொண்டிருப்பது! பனங்கட்டி மகளுக்கு என்றால் பெரிய பெட்டியில் போடுங்கள். உங்களுக்குக் குளுக்கோஸ் குளிசை.