ஆமை புகுந்த வீடு: சில கேள்விகள், பதில்கள்

சேலம் கன்னங்குறிச்சியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு சுல்காட்டா ஆமை ஒன்பது வருஷமாக இருக்கிறது. வந்தபோது உள்ளங்கையில் அடங்கியது, இப்போது தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. அதைப் பார்த்தவர்களும் கேள்விப்பட்டவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு மொத்தமாகப் பதில் எழுதிவிடுகிறேன்.

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று மாமியார் ஒரே புலம்பல். என்ன சொல்லிச் சமாளிப்பது அண்ணா? (அம்மாப்பேட்டை)

எங்கள் அம்மாவும் அதைத்தான் சொன்னார், இப்போது அவர்தான் காலையில் செம்பருத்தி பறித்துப் போடுகிறார். ஆனால் அமீனா வரக்கூடிய வழி ஒன்று நிஜமாகவே இருக்கிறது, அது காகிதம். சுல்காட்டா ஆப்பிரிக்க ஆமை. இப்படி வெளிநாட்டு இனம் வைத்திருப்பவர்கள் 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். விற்பவர் "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்றால் அந்த இடத்திலேயே திரும்பி வந்துவிடுங்கள்.

தம்பி ஊரிலிருந்து ஒரு நட்சத்திர ஆமை கொண்டுவந்திருக்கிறான். அதற்கும் இதே மாதிரி இடம் கட்டலாமா? (கொண்டலாம்பட்டி)

கட்டக் கூடாது. நட்சத்திர ஆமை நம் நாட்டு உயிர். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், 2022 திருத்தத்துக்குப் பிறகு முதல் அட்டவணையில் இருக்கிறது, வீட்டில் வைத்திருப்பதே குற்றம். பாவம் என்று அருகிலிருக்கும் கரட்டில் கொண்டுபோய் விடுவதும் தப்பு. அது எந்த ஊர் ஆமை, என்ன நோயோடு வந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

இருபதுக்குப் பதினைந்து அடி இடம் இருக்கிறது. சுற்றிக் கம்பி வலை கட்டினால் போதுமா? (அழகாபுரம்)

வலை வேண்டவே வேண்டாம். அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரிந்தால் ஆமை அங்கே போகத்தான் பார்க்கும், நாள் முழுக்க வலை ஓரமாகவே நடந்து நடந்து மூக்கைத் தேய்த்துக்கொள்ளும், தலை சிக்கினால் இன்னும் மோசம். பார்வையை மறைக்கும் சுவர்தான் சரி. ஹாலோ பிளாக் இரண்டு வரிசை மண்ணுக்குள், மூன்று வரிசை மேலே.

மண்ணுக்குள் எதற்கு என்று மேஸ்திரி கேட்பார், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அஸ்திவாரம் இல்லாமல் தரை மேலேயே செங்கல் அடுக்கினேன். ஒரு ஐப்பசி மழையில் மண் இளகியதும் ஆமை சுவரோரமாகத் தோண்டி, அடியில் நுழைந்து, பக்கத்து வீட்டு அரைக்கீரைப் பாத்தியை முழுசாக முடித்துவிட்டு அங்கேயே படுத்துக் கிடந்தது. சுல்காட்டா காட்டில் பத்தடி நீளத்துக்குக் கூட வளை தோண்டுகிற இனம், அதைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. மூலைகளின் மேல் மட்டும் ஒரு கடப்பாக் கல்லைக் குறுக்கே வையுங்கள், மூலையில்தான் ஏறப் பார்க்கும். உங்கள் இடம் முதல் சில வருஷத்துக்குத் தாங்கும், அப்புறம் கொல்லை முழுவதையும் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். அதற்கு மனசில்லை என்றால் இந்த இனம் வேண்டாம்.

என்ன செடி வைத்தாலும் ஒரே நாளில் தின்று, மிதித்து, மொட்டையாக்கிவிடுகிறது. என்னதான் நடுவது? (சூரமங்கலம்)

உள்ளே நடுவதைக் குறைத்து, வெளியே நடுங்கள். சுவருக்கு வெளியே ஒட்டிச் செம்பருத்தி வைத்தால் கிளை உள்ளே சாயும், பூவும் பழுத்த இலையும் தானாக விழும், வேர் பத்திரமாக இருக்கும். பூ விழுந்த சத்தத்துக்கே எங்கள் ஆள் கழுத்தை நீட்டுவான். முதல் கடி பெரும்பாலும் காற்றில்தான் போகும். இரண்டாவதில் இதழைப் பிடித்து இழுப்பான், அதற்குள் மகரந்தம் மூக்கு முழுக்க மஞ்சளாக அப்பியிருக்கும்.

தரைக்கு அருகம்புல்லும் கொழுக்கட்டைப் புல்லும். இடத்தை ஒரு வரிசைக் கல் வைத்து இரண்டாகத் தடுத்து, ஒரு பக்கம் மேயும்போது மறுபக்கத்துக்குத் தண்ணீர் விட்டு வளரவிடுங்கள். சுல்காட்டாவுக்குத் தீனியில் முக்கால்வாசிக்கு மேல் புல்லாக இருக்க வேண்டும், இதில் சமரசமே கிடையாது. மாட்டுக்குப் போடுகிற கம்பு நேப்பியர் கரணை நாலைந்தை வெளியே ஊன்றிவிட்டால் வெட்ட வெட்ட வரும், சின்ன ஆமைக்குப் பொடியாக நறுக்கிப் போடணும். மூக்கிரட்டை மழைக்குப் பிறகு தானே படரும், பிடுங்காமல் விட்டால் போதும். மல்பெரி குச்சி ஊன்றினால் பிடித்துக்கொள்ளும், பட்டுப்புழு வளர்ப்பவர் யாரிடமாவது கேட்டால் கொடுப்பார்கள். சப்பாத்திக்கள்ளி மடலை முள்ளும் சுணையும் போக அடுப்பில் வாட்டிக் கொடுங்கள், வெயில் காலத்தில் அது தீனியும் தண்ணீரும் சேர்ந்தது. முருங்கைக்கீரை வாரம் ஒரு கொத்து.

பூ மார்க்கெட்டில் மிஞ்சிய சாமந்தியை மட்டும் வாங்கிப் போடாதீர்கள், அத்தனையும் மருந்தடித்தது.

பக்கத்து மாமரம் எங்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது. விழுகிற பழத்தைத் தின்னலாமா? (ஓமலூர்)

சுல்காட்டா தின்னும், மறுநாள் நீங்கள் கழுவுவீர்கள். புல் தின்னும் வயிற்றுக்கு அந்தச் சர்க்கரை ஆகாது. சீசன் முடியும் வரை காலையில் பொறுக்கிவிடுங்கள். அதே பழத்தைத் தென்னமெரிக்கச் செங்கால் ஆமைக்குத் துண்டு துண்டாகக் கொடுக்கலாம், அது பழம் தின்கிற இனம்.

எங்களைச் சுற்றிக் குச்சிக்கிழங்குக் காடுதான். அந்த இலை போடலாமா? (வாழப்பாடி)

வேண்டாம். மரவள்ளி இலையில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. அரளி, ஊமத்தை, எருக்கு, ஆமணக்கு, உண்ணிச்செடி, பார்த்தீனியம், வாசலில் அழகுக்கு வைக்கும் மணிபிளான்ட், எல்லாவற்றையும் எட்டாத தூரத்தில் வையுங்கள். பக்கத்து வேலியில் அரளி இருந்தால் காற்றுக்கு விழும் இலையையும் பாருங்கள்.

ஓடு மேடு மேடாக வளர்கிறது. கால்சியம் குறைவா? (ஃபேர்லேண்ட்ஸ்)

எல்லோரும் கால்சியத்தையும் புரதத்தையும்தான் சொல்வார்கள். ஆஸ்திரியாவில் 2003-இல் சுல்காட்டாக் குஞ்சுகளை வைத்துப் பார்த்ததில், மேடு விழுவதற்குக் காற்றில் ஈரம் போதாததுதான் பெரிய காரணமாகத் தெரிந்தது. பாலைவன ஆமை என்று காய்ந்த மண்ணில் குஞ்சை விடுவதுதான் நாம் செய்கிற தப்பு. குஞ்சாக இருந்தால் தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில், தாடை மட்டத்துக்குக் கீழே, கால் மணி நேரம் உட்கார வையுங்கள். படுக்கிற இடத்து மண் ஈரமாக இருக்கட்டும். கால்சியத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேளுங்கள், கணவாய் ஓடுதான், ஒரு துண்டைப் போட்டுவைத்தால் வேண்டும்போது கடித்துக்கொள்ளும். வெயில் நேரடியாகப் படணும், ஜன்னல் கண்ணாடி வழியாக வருவது கணக்கில் சேராது. ஏற்கெனவே வந்த மேடு போகாது, புதிதாக வளர்வது சமமாக வரும்.

சித்திரை வெயிலுக்கு என்ன செய்கிறீர்கள்? (நெத்திமேடு)

பெரிய கிணற்று உறை ஒன்றைப் படுக்க வைத்து, பாதி மண்ணில் புதைத்து, மேலேயும் மண் மூடி, வாயை வடக்குப் பார்க்க வைத்திருக்கிறேன். வெளியே நாற்பது டிகிரி கொதிக்கும்போதும் உள்ளே கை வைத்தால் சில்லென்றிருக்கும். காலையில் வாய்ப்பக்கம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவேன். தகரக் கூரை போடாதீர்கள், அடுப்பில் உட்கார வைப்பதற்குச் சமம்.

ஏற்காட்டில் இருக்கிறோம். குளிர் காலத்தில் ஆமை தூங்கிவிடும், ஒன்றும் செய்ய வேண்டாம் என்கிறார்களே? (நாகலூர்)

வேறு சில இனங்கள் தூங்கும், சுல்காட்டா தூங்காது. விறைத்துப்போய்க் கிடப்பதைத் தூக்கம் என்று நினைத்து இழந்தவர்கள் உண்டு. சேலத்தை விட ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம், மார்கழியில் மூடுபனியும் ஈரமும் சேர்ந்தால் நுரையீரலில் சளி பிடிக்கும். மூக்கில் குமிழி விட்டால் உடனே மருத்துவரிடம் போகணும். ராத்திரிக்குக் கதவு வைத்த மரக்கூண்டு, உள்ளே வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர், கூடவே தெர்மோஸ்டாட். பெரிய ஆமைக்குக் கூண்டுக்குள் பதினைந்து டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது, குஞ்சு என்றால் இருபத்தைந்தாவது வேண்டும். மலையில் கரண்ட் போவது உங்களுக்கே தெரியும், ராத்திரி போனால் என்ன செய்வது என்று முதலிலேயே யோசித்து வையுங்கள். பட்டர் ஃப்ரூட் மரம் இருந்தால் அந்த இலையும் விஷம். என்னைக் கேட்டால் அங்கே சுல்காட்டா வாங்காதீர்கள் என்பேன், ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் கார்த்திகைக்குள் கூண்டை முடித்துவிடுங்கள்.