வாரத்துக்கு இரண்டு மணி நேரம் (கடிதமும் பதிலும்)

வணக்கம் அண்ணா,

தில்லியில் ஆர்.கே. புரத்தில் இருக்கிறேன், மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. பையன் தூங்கிய பிறகு ராத்திரி பத்து மணிக்கு மேல் பிளேஸ்டேஷன் 4 கேம் மெஷினைப் போடுவேன். வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், அவ்வளவுதான் முடியும். போன வருடம் ஒரு இலவச கேமில் சேர்ந்தேன். அதில் சில வாரம் ஓடும் ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு பாஸ் உண்டு, அதைக் காசு கொடுத்து வாங்கினால் அந்த சீசன் முடிவதற்குள் விளையாட விளையாட உடை, நடனம் என்று ஒவ்வொன்றாகத் திறக்கும். கடைசிக் கட்டத்தில் இருந்த ஓர் உடைக்காகத்தான் வாங்கினேன். நடுவில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் திருச்சிக்குப் போய் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்து பார்த்தால் சீசன் முடிந்திருந்தது, உடையும் போச்சு. அலுவலகத்தில் புலம்பினால் கூட வேலை செய்யும் ஒரு பையன், "அக்கா, நீங்க கேஷுவல் பிளேயர், எப்பவாவது விளையாடுறவங்க, இந்த கேமெல்லாம் உங்களுக்கு இல்ல" என்கிறான். வாரம் இரண்டு மணி நேரம் விளையாடுகிறவளுக்குக் குறை சொல்ல உரிமை இல்லையா? பேசாமல் விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.

எஸ்.

அன்புள்ள சகோதரிக்கு,

அம்மா இப்போது எப்படி இருக்கிறார்கள்? அதை எழுதாமல் விட்டுவிட்டீர்களே.

விளையாட்டை விடாதீர்கள். அந்தத் தம்பியிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: பாஸை விற்றபோது வாரத்துக்கு எத்தனை மணி நேரம் விளையாடுவீர்கள் என்று யாராவது உங்களைக் கேட்டார்களா? மற்றவர்களிடம் வாங்கிய அதே தொகையைத்தான் உங்களிடமும் வாங்கினார்கள். அப்புறம் பொருளைக் கொடுக்கும்போது மட்டும் நீங்கள் எப்படிக் கேஷுவல் ஆவீர்கள்?

உங்கள் கடிதத்தைப் படித்ததும் 2009 ஞாபகம் வந்தது. அந்த வருடம்தான் ஃபேஸ்புக்கில் ஃபார்ம்வில் என்ற விவசாய கேம் வந்தது. நான் அப்போது வேலை பார்த்த இடத்தில் பாதிப் பேர் அதில் நிலம் வைத்திருந்தார்கள். விதைத்தால் இத்தனை மணி நேரத்தில் விளையும் என்று ஒரு கணக்கு, விளைந்ததை நேரத்துக்கு வந்து அறுக்காவிட்டால் எல்லாம் வாடிப்போகும். என் பக்கத்து இருக்கைக்காரர் ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து அறுவடை செய்துவிட்டு, காலையில் சிவந்த கண்ணோடு வருவார். அவருக்கு விளையாட்டின் மேல் அப்படியொன்றும் பிரியம் கிடையாது, வாடிப்போகுமே என்ற பயம்தான் அவரை எழுப்பியது. 2020 டிசம்பர் 31-ஆம் தேதி அந்த ஃபார்ம்வில்லையே மூடிவிட்டார்கள். எத்தனையோ பேர் தூக்கத்தைக் கொடுத்துக் காத்த வயலெல்லாம் ஒரே நாளில் இல்லாமல் போனது.

2016-இல் ஸ்டார்ட்யூ வேலி வந்தது. எரிக் பரோன் என்ற அமெரிக்கர் படம், இசை, கதை, நிரல் எல்லாவற்றையும் நான்கு வருடத்துக்கு மேல் தனியாளாக உட்கார்ந்து செய்த கேம். இதிலும் வயல்தான், விதைதான், அறுவடைதான். ஆனால் நீங்கள் மெஷினை அணைத்துவிட்டால் ஊரே அப்படியே நின்றுவிடும். ஆறு மாதம் கழித்து வாருங்கள், பூசணி நீங்கள் விட்ட அதே உயரத்தில் இருக்கும், மாடு உங்களுக்காகக் கொட்டிலில் நிற்கும். ஒரு தடவை காசு கொடுத்தால் போதும், 2024-இல் வந்த பெரிய அப்டேட்கூட வாங்கியவர்களுக்கு இலவசம். என் மனைவியின் அப்பா மருத்துவமனையில் இருந்த நான்கு மாதம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. திரும்பிப் போனபோது எதுவும் கெட்டிருக்கவில்லை. அன்றைக்கு அந்த வயலைப் பார்த்ததும் எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் உங்களுக்குப் புரியும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்தைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். ஒரு கேம் காத்திருக்குமா, காத்திருக்காதா? குறைவாக விளையாடுகிறவர்களுக்கு அழகு, வேகம், கிராஃபிக்ஸ் எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

இலவச கேம் நடத்துகிறவர்கள் எங்கேயாவது சம்பாதிக்கத்தான் வேண்டும், சர்வருக்கும் சம்பளத்துக்கும் பணம் வேண்டும். உடையை விற்கட்டும், நடனத்தை விற்கட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. விற்ற பொருளுக்குக் கெடு வைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கெடு இல்லாமல் தொழில் நடக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2021-இல் வந்த ஹேலோ இன்ஃபினிட் என்ற கேமில் வாங்கிய பாஸ் காலாவதி ஆவதில்லை, எப்போது வேண்டுமானாலும் திரும்பி வந்து முடிக்கலாம். 2024-இல் வந்த ஹெல்டைவர்ஸ் 2-இலும் அப்படித்தான், அது நன்றாகவே விற்றது. ஆக, கெடு வைப்பது ஒரு நிறுவனம் யோசித்து எடுக்கும் முடிவு. நீங்கள் தினமும் வராவிட்டால் எதையோ இழப்பீர்கள் என்று பயப்பட வேண்டும், அதற்காகவே வைக்கிறார்கள்.

அந்தக் கெடு, கேமைச் செய்கிறவர்களையும் விடுவதில்லை. சில வாரங்களுக்கு ஒருமுறை புது சீசன் இறக்கியாக வேண்டும் என்றால் அதை யாரோ உட்கார்ந்து செய்ய வேண்டுமே. ஃபோர்ட்நைட் என்ற கேம் ஓகோவென்று ஓடிய காலத்தில் அதைச் செய்த நிறுவனத்தில் வாரம் 70 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ததாக ஊழியர்கள் சொன்ன செய்தி 2019-இல் வெளிவந்தது. அவர்கள்மேல் கோபப்படாதீர்கள்.

இலவச கேமாவது பரவாயில்லை என்று தோன்ற வைக்கும் அளவுக்கு, முழு விலை கொடுத்து வாங்கியதையே பிடுங்கியதும் நடந்திருக்கிறது. யூபிசாஃப்ட் என்ற நிறுவனம் 2014-இல் வெளியிட்ட தி க்ரூ என்ற கார் கேம், தனியாக ஓட்டினாலும் இணையம் வழியாக அவர்களுடைய சர்வரோடு இணைந்தால்தான் ஓடும். 2024 மார்ச் 31-ஆம் தேதி சர்வரை நிறுத்தினார்கள், அவ்வளவுதான், டிஸ்க் கையில் வைத்திருந்தவர்களுக்கும் அது வெறும் தட்டு ஆகிவிட்டது. இதைப் பார்த்துக் கொதித்துப்போய் ராஸ் ஸ்காட் என்பவர் தொடங்கியதுதான் ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் இயக்கம். விற்ற கேமை நிறுத்தும்போது வாங்கியவர்கள் தொடர்ந்து விளையாட ஒரு வழி விட்டுவிட்டுப் போங்கள் என்பதுதான் அவர்கள் கேட்பது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அவர்கள் போட்ட மனுவில் 2025 ஜூலையில் பத்து லட்சம் கையெழுத்து தாண்டியது. அதற்கு முன்பே, 2024-இலேயே, தி க்ரூவின் அடுத்த பாகத்துக்கு, இணையம் இல்லாமலே ஓடும் ஆஃப்லைன் முறை தருவதாக யூபிசாஃப்ட் அறிவித்தது. கலிஃபோர்னியாவில் 2025 தொடக்கத்திலிருந்து, பின்னால் நிறுத்திவிடக்கூடிய, பயன்படுத்தும் உரிமத்தை மட்டும் விற்கும்போது அது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் "வாங்கு" என்று பட்டன் வைக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது.

குறை சொல்ல உரிமை இருக்கிறதா என்று கேட்டீர்களே, குறை சொன்னால் நடக்கிறது. 2017 நவம்பரில் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரன்ட் 2 என்ற கேம் வந்தபோது, டார்த் வேடர் என்ற பாத்திரத்தைத் திறக்க 40 மணி நேரம் போல உழைக்க வேண்டும் என்று ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டினார். அதை வெளியிட்ட இஏ நிறுவனம் சொன்ன சமாதானத்துக்கு இணையத்தில் ஆறு லட்சத்துக்கு மேல் எதிர்ப்பு ஓட்டு விழுந்தது. வெளியீட்டுக்கு முந்தைய நாள் கேமுக்குள் காசு வாங்குவதையே நிறுத்தி வைத்தார்கள். அடுத்த ஏப்ரலில் பெல்ஜியம், கேம்களில் உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமல் காசு கொடுத்து வாங்கும் அதிர்ஷ்டப் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்குள் வரும் என்று சொன்னது. 40 மணி நேரம் என்றால் உங்கள் கணக்கில் ஐந்து மாதம்! நாள் முழுக்க விளையாடுகிறவருக்கு அது ஒரு வாரத்தில் முடிந்துவிடும், அவருக்கு அந்தத் தப்பு கண்ணிலேயே படாமல் போகலாம். உங்களுக்குத்தான் அது முதலில் உறைக்கும். அதனால் அந்தத் தம்பியை விட உங்கள் பேச்சைத்தான் நான் கேட்பேன்.

சரி, என்ன செய்யலாம்? அந்த கேமின் உதவிப் பிரிவுக்கு நடந்ததை எழுதிப் போடுங்கள், கிடைத்தால் லாபம். இனி பாஸ் வாங்குவதென்றால் சீசன் முடியப் போகிற வாரத்தில் வாங்குங்கள். பெரும்பாலான கேம்களில் அதுவரை நீங்கள் ஏறிய படிகளுக்கான பொருள் எல்லாம் அப்போதே மொத்தமாகக் கிடைக்கும், கிடைக்காததற்குக் காசு போகாது. புதிதாக எதை வாங்கினாலும் இணையத்தைத் துண்டித்தால் ஓடுமா என்று முதலில் விசாரியுங்கள்.

பிளேஸ்டேஷன் 4 வைத்திருப்பது நல்லதாகப் போயிற்று. 2020-இல் பிளேஸ்டேஷன் 5 வந்தபோதே டிஸ்க் போடும் இடமே இல்லாத ஒரு வகையையும் சேர்த்து விட்டார்கள், உங்களுடையதில் அந்த இடம் இருக்கிறது. நான் கனாட் பிளேஸுக்குப் போனால் பாலிகா பஜார் என்ற நிலத்தடிச் சந்தைக்குள் இறங்காமல் வந்ததில்லை. பழைய டிஸ்க்கைப் பேரம் பேசி வாங்கி, இரண்டு வருடம் நிதானமாக விளையாடி, அதே கடையில் திருப்பிக் கொடுத்து வேறு ஒன்றை எடுத்து வருவேன். அப்படி வந்ததில் இரண்டு இப்போது வீட்டில் சும்மா இருக்கின்றன, இணையம் இல்லாமலே ஓடுகிறவை. அடுத்த மாதம் உங்கள் பக்கம், தமிழ்ச் சங்கத்துக்கு வருகிறேன், தேதியைத் தனியாக எழுதுகிறேன். வந்து வாங்கிக்கொள்ளுங்கள், முடிகிறபோது திருப்பிக் கொடுத்தால் போதும்.