மூச்சிரைப்பும் வீட்டு ஆக்சிஜனும்

கேள்வி: என் தாயாருக்கு வயது 64. நெடுங்காலம் விறகடுப்பில் சமைத்தவர். சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று கூறி, மருத்துவர் இன்ஹேலரும் ஆக்சிஜன் கருவியும் எழுதிக் கொடுத்துள்ளார். ஆயினும் மூச்சிரைப்பு குறையவில்லை. ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிப் பார்க்கும்போது ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு 90 சதவீதம் என்று காட்டினால், ஆக்சிஜன் கருவியின் அளவைக் கூட்டி வைக்கலாமா?
- வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: நீங்களாகக் கூட்ட வேண்டாம். நலமாக உள்ளவர்களுக்கு 95-க்கு மேல் இருக்கும் என்பதால் 90 அச்சமூட்டுவது இயல்பே. ஆனால் இந்நோய் முற்றியவர்களில் கரியமில வாயு உடலில் தேங்கும் இயல்புடையோருக்கு 88 முதல் 92 வரை இருப்பதையே மருத்துவர்கள் இலக்காகக் கொள்கிறார்கள். அவர்களுக்கு ஆக்சிஜனை அளவு மீறிக் கொடுத்தால் அந்த வாயு மேலும் தேங்கி, தலைவலி, அரைத்தூக்கம், மனக்குழப்பம் என்று ஆபத்தில் முடியலாம். தாயாருக்குரிய இலக்கு எது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விரல் குளிர்ந்திருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ எண் தவறாகக் காட்டும். பூஜை விளக்கோ அடுப்போ எரியும் இடத்தில் ஆக்சிஜன் கருவியை இயக்கவே கூடாது.

மூச்சிரைப்பு குறையாததற்கு, மருந்தைவிட அதை இழுக்கும் முறையே காரணமாக இருக்கக்கூடும் என்பது என் ஐயம். அழுத்தி அடிக்கும் இன்ஹேலர் என்றால், நன்றாகக் குலுக்கி, மூச்சை முழுதும் வெளியே விட்டு, உதடுகளால் இறுகக் கவ்விக்கொண்டு, அழுத்தும் அதே கணத்தில் மெதுவாக ஆழ இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்க வேண்டும். கை வேகமும் மூச்சும் ஒத்துவராத முதியவர்களுக்கு, இன்ஹேலருக்கும் வாய்க்கும் இடையே பொருத்தும் ஸ்பேசர் என்ற குழாய் பெரிதும் உதவும். மருந்துப்பொடி அடங்கிய கேப்ஸ்யூலைக் கருவியில் இட்டுத் துளைத்து இழுக்கும் வகைக்கோ நேர்மாறாக, வேகமாக, பலமாக இழுத்தாக வேண்டும். ஸ்டீராய்டு கலந்த மருந்தானால் பின்னர் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். அடுத்த முறை இன்ஹேலரைக் கையோடு கொண்டுபோய், மருத்துவர் முன்னிலையில் தாயாரையே இழுத்துக் காட்டச் சொல்வது நல்லது.

இரைப்பு வரும்போது படுக்க வைக்காமல், மேசையில் முழங்கைகளை ஊன்றி முன்சாய்ந்து உட்கார வைத்து, மூக்கால் இழுத்து, உதடுகளைக் குவித்து இரு மடங்கு நேரம் மெல்ல ஊதி விடச் சொல்லுங்கள்.

சளி கூடி, மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறி, இரைப்பும் அதிகமானால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். உதடு நீலம் பாய்ந்தாலும், ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறினாலும், எழுப்பியும் தெளியாத உறக்கம் இருந்தாலும், தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.